குரலும் பாடபேதமும்

ஒரே செய்யுள் இருவேறு சுவடிகளில் இருவேறு வடிவிற் காணப்படுமாயின், புலவன் யாத்தது எது, படியெடுத்தவன் கைப்பிழை எது, பின்வந்தோர் செருகியது எது என ஆராய்ந்து துணிவது பதிப்பாசிரியரின் தலையாய கடன். தமிழ் பயிற்றுவோர்க்கும் பயில்வோர்க்கும் இது புதிய செய்தியன்று. பாடபேதம் என்னும் சொல்லைக் கேட்ட அளவிலேயே உ. வே. சாமிநாதையரின் அடிக்குறிப்புகள் அவர்தம் நினைவுக்கு வரும். ஆயின், ஏட்டுச்சுவடியைக் கண்ணாலும் கண்டிராத ஒரு கூட்டத்தார் அதே பணியை இன்று செவியாற் செய்து வருகின்றனர் என்பதை ஆசிரியப் பெருமக்களுள் பலர் எண்ணிப் பார்த்ததில்லை. அவர்கள் பாட்டுக் கேட்போர். பழைய ஒலிப்பதிவு ஒன்று புதுக்கப்பட்டு வெளிவரும்போதெல்லாம் பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து, எது கூடிற்று, எது குறைந்தது, எது மாறிற்று என்று ஓயாது வாதிடுபவர்கள். கல்வியால் வந்த பயிற்சியன்று அது. பற்றினால் வந்த பயிற்சி. அவ்வாதங்களைப் பொழுதுபோக்கு எனத் தள்ளிவிடுவது எளிது. தள்ளுவதற்குமுன் அவற்றுட் சிலவற்றைச் செவிமடுத்தல் நன்று.

2024ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் ‘வேட்டையன்’ திரைப்படத்தின் ‘மனசிலாயோ’ என்னும் பாடல் வெளிவந்தது. அனிருத் இசையமைத்த அப்பாடலைப் பாடியோர் வரிசையில் மலேசியா வாசுதேவன் பெயரும் இருந்தது. வாசுதேவனோ 2011ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள் மறைந்தவர். மறைந்து 13 ஆண்டுகள் கழிந்தபின், செயற்கை நுண்ணறிவின் துணைகொண்டு அவருடைய குரல் மீண்டும் உருவாக்கப்பட்டது. அவர் மகன் யுகேந்திரனும் அதே பாடலிற் பாடியிருந்தார். தந்தையும் மகனும் ஒரு பாட்டில் இணைந்து ஒலித்தமை கேட்டுக் கண் கலங்கினோர் உண்டு. நாணயமற்ற செயல் எனச் சினந்தோரும் உண்டு.

மலேசியத் தமிழர்க்கு இவ்வழக்கில் தனியுரிமை ஒன்று இருக்கிறது. அப்பாடகரின் பெயருக்கு முன்னுள்ள நாட்டின் பெயர் வெறும் அடைமொழியன்று. பாலக்காட்டுப் பகுதியிலிருந்து மலாயாவுக்குக் குடிவந்த மலையாளக் குடும்பத்தில், 1944ஆம் ஆண்டு இம்மண்ணிற் பிறந்தவர் அவர். இங்குள்ள தமிழ் நாடகக் குழுவோடு பழகி, பாடியும் நடித்தும் தேர்ந்து, பின்னர்ச் சென்னை சென்றவர். (மலையாளச் சொல்லைத் தலைப்பாகக் கொண்ட ஒரு தமிழ்ப் பாட்டில் அவர் குரல் திரும்பி வந்தது தற்செயலேயாயினும் சுவையானது.) பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ 1977இல் வெளிவந்தபோது தமிழுலகம் அவரை அறிந்தது. ‘முரட்டுக்காளை’யில் (1980) ரஜினிகாந்துக்காக அவர் பாடியது திருவிழாப் பாட்டாகவே நிலைத்துவிட்டது. ‘முதல் மரியாதை’யில் (1985) சிவாஜி கணேசனுக்காகப் பாடியபோது, ஆரவாரம் அனைத்தையும் உதறிவிட்டு முதிர்ந்த மனிதன் ஒருவனின் ஏக்கத்தை மட்டும் குரலில் நிறுத்தினார். ஐந்தாண்டு இடைவெளியில் ஒரே தொண்டையிலிருந்து பிறந்த இருவேறு மனிதர்கள் இவர்கள். இதனை நினைவிற் கொள்ளாமல் புதிய பாடலைப் பற்றித் தீர்ப்புக் கூற இயலாது.

பாடல் வெளிவந்தபின் இரசிகர்கள் சொன்ன கருத்துகளுள் ஒன்று திரும்பத் திரும்ப ஒலித்தது: குரல் அவருடையதுதான், பாடியது அவர் அல்லர் என்பது அது. மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு இது முரணுரையாகத் தோன்றும். இத்தகைய ஆக்கங்கள் உருவாகும் முறையை அறிந்தவர்க்கோ இஃது ஏறத்தாழத் துல்லியமான ஆய்வுரை. பொதுவாக உயிரோடிருக்கும் பாடகர் ஒருவர் பாட்டை முதலிற் பாடிவிடுவார். மறைந்தவரின் பழைய ஒலிப்பதிவுகளைக் கொண்டு பயிற்றப்பட்ட கணினி, அப்பாட்டின்மேல் மறைந்தவருடைய குரலின் நிறத்தை ஏற்றும். ஒருவர் குரலை மற்றொருவர் குரலினின்று வேறுபடுத்தும் நாதப் பண்பு மட்டும் மாறும். மூச்சை எங்கே விடுவது, எச்சொல்லை இழுப்பது, எவ்வெழுத்தை அழுத்துவது, தாளத்துக்கு முன்னே ஒரு நூலிழை முந்துவதா பிந்துவதா என்பன பெரும்பாலும் முதலிற் பாடியவருடையனவாகவே நிற்கும். சாயம் ஒருவருடையது, நெசவு மற்றொருவருடையது. தொழில்நுட்பம் பயிலாத செவி ஒன்று, குரல் வேறு பாடுதல் வேறு எனப் பிரித்தறிந்தது சிறிய காரியமன்று.

வாசுதேவனிடம் பாடுதல் என்பது எதுவாக இருந்தது என்று கேட்டால் விடை பழைய பதிவுகளிலேயே கிடைக்கும். அவர் குரலில் அகலம் உண்டு. அந்த அகலத்தைக் காட்டிப் பெருமிதம் கொள்ளும் இயல்பு இல்லை. சொல்லின் ஈற்றெழுத்தை விழுங்காமல் முடிப்பார். பேச்சுக்கும் பாட்டுக்கும் இடையேயுள்ள வரப்பின்மீது நடந்து, எப்பொழுது வேண்டுமாயினும் பேச்சின் பக்கம் இறங்குவார். நாடக மேடை தந்த பழக்கம் அது. திரையில் எதிர்நாயகனாக நடித்துப் பேர்பெற்றவர் என்பதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. ‘மனசிலாயோ’வின் குரலில் அகலம் இருக்கிறது. வரப்பிலிருந்து இறங்கும் அந்தக் கணம் இல்லை. ஆட்டத்துக்கென்று அமைந்த பாடல், அதற்கு இடமளிக்கவில்லை என்று வாதிடலாம். அவ்வாதத்திலும் ஓரளவு உண்மையுண்டு. ஆயினும் ஆட்டப் பாடல்களிலேயே வாசுதேவன் அதனைச் செய்துகாட்டியவர்.

இனி, புதுக்குதல் என்னும் ஒரே சொல்லால் வழங்கப்படும் வேலைகள் யாவும் ஒரு தன்மையன அல்ல என்பதை விளக்க, மேனாட்டு எடுத்துக்காட்டு ஒன்று துணைசெய்யும். இங்கிலாந்தின் பீட்டில்ஸ் என்னும் ராக் இசைக்குழு 1970இற் கலைந்தது. அக்குழுவைச் சேர்ந்த ஜான் லென்னன் 1977ஆம் ஆண்டையொட்டி, நியூயார்க்கில் தம் இல்லத்தில் பியானோவை வாசித்துக்கொண்டே ஒரு பாட்டைச் சாதாரண ஒலிநாடாவிற் பதிந்து வைத்திருந்தார். முழுமை பெறாத வரைவு அது. 1980 டிசம்பர் 8ஆம் நாள் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 1994இல் அவர் மனைவி யோகோ ஓனோ, அவ்வரைவு அடங்கிய நாடாவைப் பழைய தோழர் பால் மெக்கார்ட்னியிடம் ஒப்படைத்தார். நாடாவிலிருந்த வேறிரு பாடல்கள் 1995இலும் 1996இலும் நிறைவுசெய்யப்பட்டு வெளிவந்தன. மூன்றாவது பாடலில் பியானோ குரலை விழுங்கியது. மின்னோட்டத்தின் இரைச்சல் இரண்டையும் விழுங்கியது. ஆகவே தொடங்கிய பணி கைவிடப்பட்டது.

பீட்டர் ஜாக்சன் என்னும் திரைப்பட இயக்குநர், அக்குழுவைப் பற்றி 2021இல் வெளியிட்ட ஆவணப்படத்துக்காக, ஒரே தடத்திற் கலந்துகிடக்கும் ஒலிகளைத் தனித்தனியே பிரித்தெடுக்கும் முறையொன்றைத் தம் குழுவினரைக் கொண்டு உருவாக்கியிருந்தார். அம்முறையால் லென்னனின் குரல் பியானோவிலிருந்தும் இரைச்சலிலிருந்தும் மீட்கப்பட்டது. 2001இல் மறைந்த ஜார்ஜ் ஹாரிசன் 1995இல் வாசித்துவைத்த கித்தார் ஒலி சேர்க்கப்பட்டது. எஞ்சியிருந்த மெக்கார்ட்னியும் ரிங்கோ ஸ்டாரும் புதிதாகப் பாடியும் வாசித்தும் நிறைவுசெய்தனர். ‘நவ் அண்ட் தென்’ என்னும் பெயரில் 2023 நவம்பர் 2ஆம் நாள் அது வெளியாயிற்று. 2025இற் சிறந்த ராக் இசை வெளிப்பாட்டுக்கான கிராமி விருதும் பெற்றது. செயற்கை நுண்ணறிவு என்ற சொல் அதற்கு முன்பே வெளிப்பட்டுவிட்டமையால், லென்னன் பாடாததைக் கணினி பாடிவிட்டது என்று பலர் எண்ணினர். அவ்வாறன்று, ஒலித்தது அவர் பாடியதே என மெக்கார்ட்னி விளக்க நேர்ந்தது.

இரசிகர்கள் வேலை இங்கேதான் தொடங்கிற்று. லென்னனின் மூல வரைவு பல ஆண்டுகளாக உரிமையற்ற படிகளாகக் கைமாறி வந்தமையால் அவர்களுட் பலருக்கு அது மனப்பாடம். புதிய வடிவத்தைக் கேட்ட அன்றே அவர்கள் ஒன்றைக் கண்டுகொண்டனர். பல்லவியை நோக்கிப் பாட்டை ஏற்றிச்செல்லும் ஒரு பகுதி, வரைவில் இருந்தது, 2023இன் வடிவில் இல்லை. விடப்பட்டது தகுமா என்று விவாதம் மூண்டது. பாட்டின் உள்ளமே அப்பகுதியில்தான் இருந்தது என்றனர் ஒரு சாரார். சொற்கள் முற்றாத பகுதியை விட்டதே முறை என்றனர் மற்றொரு சாரார். பின்னணியில் இழையும் கூட்டுக்குரல்கள் 1960களில் அக்குழு பதிந்த வேறு பாடல்களிலிருந்து எடுத்துப் பொருத்தப்பட்டவை என்பது வெளியிட்டோரே கூறிய செய்தி. எந்த இடத்தில் எந்தப் பாட்டின் குரல் என்று இனங்காணுவதில் இரசிகர்கள் நாட்கணக்கிற் செலவிட்டனர். ஹாரிசனின் பாணியில் மெக்கார்ட்னி வாசித்த கித்தார்ப் பகுதி, நண்பருக்குச் செய்த அஞ்சலியா போலியா என்பதும் வாதத்துக்குரியதாயிற்று. சுவடி, படி, இடைச்செருகல், விடுபாடு, பிறிதோரிடத்திலிருந்து பெயர்த்து வைத்தல் ஆகிய பதிப்புக்கலைச் சிக்கல்கள் அனைத்தும் நான்கு நிமிடப் பாட்டொன்றில் வந்து குழுமியதைக் காணலாம்.

வாசுதேவன் பாட்டுக்கும் லென்னன் பாட்டுக்கும் உள்ள வேறுபாடு இப்பொழுது தெளிவாகும். லென்னன் பாட்டில் நிகழ்ந்தது, கறையான் அரித்து மங்கிய ஏட்டிற் கரிபூசி எழுத்தைப் புலப்படுத்தியது போன்ற செயல். எழுத்து அங்கே முன்பே இருந்தது. அதனைச் சுற்றிச் செய்த சேர்க்கைகளும் விடுபாடும் வாதத்துக்குரியன, அவ்வெழுத்தோ அவருடையது. வாசுதேவன் பாட்டில் ஏடே இல்லை. கபிலரின் நடையை நன்கு கற்ற ஒருவர் புதிய பாட்டொன்று எழுதி அதன் கீழ்க் கபிலர் என்று கையொப்பமிட்டது போன்றது அது. எழுதியது நல்ல பாட்டாகவும் இருக்கலாம். அது வேறு கேள்வி.

சாமிநாதையர் 1894இற் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, சிதைந்த இடங்களைப் புள்ளியிட்டுக் காட்டினார். கிடைத்த சொற்களுக்கு முன்னும் பின்னும் உள்ள யாப்பும் பொருளும் அவர்க்கு நன்கு தெரியும். விடுபட்ட சீரில் எத்தனை அசை வேண்டும் என்பதும் தெரியும். அவர் அளவுக்குச் சங்க நடையிற் பழகியவர் அக்காலத்தில் எத்தனை பேர் இருந்திருப்பர்? நிரப்பியிருந்தால் கண்டுபிடிப்பாரும் அரியர். அவர் நிரப்பவில்லை. 267, 268 ஆகிய இரு பாட்டுகளும் இன்றுவரை வெற்றெண்களாகவே நிற்கின்றன. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் இறுதிப்பத்தும் கிடைக்காமற் போயின. எட்டுப் பத்துகளையே தமிழுலகம் பதிற்றுப்பத்து என்று ஓதிவருகிறது. பெயர்க்கும் நூலுக்கும் உள்ள அந்த இடைவெளியை எவரும் வெட்கமாகக் கருதியதில்லை. புள்ளியிட்ட இடம் நேர்மையான இடம். படிப்பவன் அங்கே நின்று, இழப்பு எவ்வளவு என்பதை அளந்துகொள்கிறான்.

இங்கே ஒரு தடையை எழுப்பலாம். தமிழ்மரபில் முன்னோர் பெயரிற் பாடுவது பழியாகக் கருதப்பட்டதா? ஔவை என்னும் பெயருக்குள் எத்தனை பேர் வாழ்கின்றனர்? அகத்தியர் பெயரால் வழங்கும் மருத்துவ நூல்களை எண்ணி முடியுமா? கம்பராமாயணத்திற் பிற்காலத்தார் பாடிச் சேர்த்தவற்றுக்கு வெள்ளிப்பாடல்கள் என்று ஒரு பெயரே இருக்கிறதே! இவையெல்லாம் மெய்யே. ஆயின் அவ்வெள்ளிப்பாடல்களைத் தமிழறிஞர் என் செய்தனர் என்பதையும் சேர்த்துக் கூறவேண்டும். எரித்துவிடவில்லை; மிகைப்பாடல்கள் எனப் பிரித்துத் தனியே அச்சிட்டனர். சுவைப்போர் சுவைக்கட்டும், கம்பர் வாக்கென்று மட்டும் கொள்ளாதிருக்கட்டும் என்பதே அவ்வேற்பாட்டின் கருத்து. முன்னோர் பெயரை ஏற்றவரும் தம் சொல்லையே சொன்னார். முன்னோர் நாவைப் பெயர்த்தெடுத்துத் தம் வாயிற் பொருத்திக்கொள்ளவில்லை.

மற்றொரு தடை இன்னும் வலிது. திரைப்பாட்டு என்பதே குரலை இரவல் தரும் கலையன்றோ? சிவாஜி கணேசன் வாயசைக்க டி. எம். சௌந்தரராஜன் பாடினார். கேட்டோர் எவரும் ஏமாற்று என்று கூறவில்லை. உடல் ஒருவருடையதாகவும் குரல் ஒருவருடையதாகவும் இருத்தலைத் தமிழர் அரைநூற்றாண்டுக்கு மேலாக ஏற்றுக்கொண்டவர்கள். அவ்வாறாயின், குரல் ஒருவருடையதாகவும் பாடுதல் ஒருவருடையதாகவும் பிரிவதில் புதிதாக என்ன குற்றம்? இதற்கு விடை ஒன்றுண்டு. சௌந்தரராஜன் அப்பாட்டை ஏற்றார், பயின்றார், பாடினார், கூலி பெற்றார். வேண்டாம் என்று மறுக்கவும் அவரால் இயன்றது. மறுக்கும் உரிமை உள்ளவன் தருவதே இரவல்.

2024 சனவரியில் ‘லால் சலாம்’ படத்துக்காக, 1997இல் மறைந்த சாகுல் ஹமீது, 2022இல் மறைந்த பம்பா பாக்யா ஆகிய இருவர் குரலையும் ஏ. ஆர். ரகுமான் இம்முறையில் ஒலிக்கச்செய்தார். குடும்பத்தாரிடம் இசைவு பெற்றதாகவும் உரிய ஊதியம் வழங்கியதாகவும் அவரே அறிவித்தார். அவ்வாண்டு சனவரி 25ஆம் நாள் மறைந்த பவதாரிணியின் குரலை, சில திங்களுக்குள் அவர் உடன்பிறந்தார் யுவன் சங்கர் ராஜா தம் பாட்டொன்றிற் கொண்டுவந்தார். அது தமக்கைக்குத் தம்பி செய்த நினைவுக்கடன். அதனை அளக்கும் கோல் வேறு. பொதுவாக நோக்கின், இசைவும் ஊதியமும் சட்டத்தின் வினாவுக்கு விடையாகும். பாடகர் பாடியிருப்பாரா, எவ்வாறு பாடியிருப்பார் என்பன கலையின் வினா. அவற்றைக் குடும்பத்தாராலும் விடுவிக்க இயலாது.

மாறாக, பொருத்திய இடத்தை மறைக்காமற் புதுக்கிய முயற்சி ஒன்றைக் கோலாலம்பூரே முன்னர்த் தந்திருக்கிறது. யோகி பியும் நட்சத்திரா குழுவினரும் 2006இல் ‘வல்லவன்’ என்னும் தொகுப்பை வெளியிட்டனர். 1980இல் வந்த ‘நிழல்கள்’ படத்துக்காக இளையராஜா இசையமைத்து எஸ். பி. பாலசுப்பிரமணியம் பாடிய ‘மடை திறந்து’ பாடலை எடுத்து, அதன்மீது தம் சொல்லிசையை ஏற்றிப் பாடியது அத்தொகுப்பில் அனைவரையும் கவர்ந்தது. பழம்பாட்டைக் கெடுத்தனர் என்று முணுமுணுத்தோர் அன்றும் இருந்தனர். ஆனால் எது 1980, எது 2006 என்பதிற் குழந்தைக்கும் ஐயம் எழாது. பழந்துணியிற் புதுத்துணி வைத்துத் தைத்த தையல் வெளியே தெரிந்தது, தெரிந்ததே அழகுமாயிற்று. கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழ் இளைஞர்தம் சொல்நடையோடு பழம்பாட்டுக்குப் பேசப் புகுந்தனர். உரையாசிரியன் மூலத்தோடு உறவாடும் முறைக்கு இஃது அணித்தானது. இதன்பின் மூலப்பாட்டைத் தேடிக் கேட்ட இளையோர் தொகை குறைவாக இராது.

மூலம் என்ற சொல்லை இவ்வளவு உறுதியாக ஆளும்போது அதன் தொல்லையையும் கூறவேண்டும். கோலாலம்பூருக்கு வடக்கே, பத்துமலையைத் தன் நகராண்மைக் கழக எல்லைக்குள் கொண்ட செலாயாங்கை எடுத்துக்கொள்ளலாம். தோட்டத்து லயங்களை விட்டு நகர்ப்புறத்து அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிவந்த தமிழ்க் குடும்பங்கள் பல, கட்டிலும் அலமாரியும் கொண்டுவந்ததோடு ஒலிநாடாப் பெட்டியையும் கொண்டுவந்தன. தைப்பூசத்தின்போது பத்துமலை அடிவாரக் கடைகளில் வாங்கியவை. வானொலியில் ஒலித்ததை வீட்டிலேயே பதிந்தவை. நண்பரிடம் இரவல் பெற்றுப் படியெடுத்தவை. ஒவ்வொரு படியும் சிறிது இரைச்சலைக் கூட்டும். நாடா ஓடும் வேகம் சற்றே மிகுந்தாலும் பாடகரின் சுருதி உயர்ந்துவிடும். இசைத்தட்டில் இருந்த பகுதி படத்தில் இராது. படத்தில் வந்தது தட்டில் இராது. ஏடெழுதுவோன் கைப்பிழைக்கு இவை எவ்விதத்திலும் குறைந்தன அல்ல.

இத்தகைய நாடாவிற் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர், தூய்மை செய்யப்பட்ட புதிய பதிப்பைக் கேட்டவுடன் குரலை மாற்றிவிட்டனர் என்று குறைகூறுவதுண்டு. மாறியது குரலன்று, அவர் வீட்டு நாடாவின் வேகம் தவறு. முதலிற் கேட்டதே மூலம் என்று கொள்வது இரசிகர்களிடம் உள்ள பெருங்குறை. இரைச்சலையும் பாட்டின் உறுப்பாகவே கருதி, அது நீங்கியதும் உயிரே நீங்கிற்று எனப் புலம்புவோரும் உளர். இளமையை நினைந்து வருந்துதல் வேறு. பாட்டை ஆராய்தல் வேறு. பழைய ஏடு ஆதலாலேயே ஓர் ஏடு திருத்தமான ஏடாகிவிடாது என்பதைப் பதிப்பாசிரியர் நன்கறிவர். பல படிகளை ஒப்பிட்டே உண்மைப் பாடத்தை அணுகுவர். நல்ல இரசிகரும் அதனையே செய்கின்றார்: நாடா, இசைத்தட்டு, திரைப்படம், புதுப்பதிப்பு நான்கையும் கேட்டபின்னரே வாய் திறக்கிறார். அத்தகையோர் சிலரே. ஆயினும் எத்துறையில்தான் நல்ல ஆய்வாளர் பலராக இருக்கின்றனர்?

அவர்கள் ஒப்பிடுதற்குப் பழைய வடிவம் கையில் இருத்தல் வேண்டும் என்பது அடிப்படைத் தேவை. லென்னனின் வரைவு கைமாறிக் கைமாறி உயிரோடிருந்தமையாலன்றோ விடுபட்ட பகுதி இது என்று சுட்டமுடிந்தது? தமிழ்த் திரையிசையின் பழைய பதிவுகளுக்கு அந்த உறுதி இல்லை. 1964இன் ‘கர்ணன்’ புதுக்கப்பட்டு 2012இல் திரைக்கு வந்தபோது மக்கள் பெருந்திரளாகச் சென்று கண்டனர். பழம்படத்துக்குப் புத்துயிர் அளித்த பணி பாராட்டுக்குரியதே. இனிவரும் தலைமுறைக்குக் கிடைக்கப்போவது அப்புதிய ஒலியமைப்பே. 1964இல் அரங்கில் ஒலித்தது எவ்வாறிருந்தது என அறிய விழைவோர் எங்கே செல்வர்? பொலிவுடைய பதிப்பு வந்தவுடன் பழைய படி சந்தையிலிருந்து மறைவது வழக்கம். செலாயாங் வீட்டு அலமாரியில் தூசு படிந்திருக்கும் நாடா, தரத்தில் எவ்வளவு தாழ்ந்ததாயினும், ஒரு சாட்சி. வீடு மாறும்போது முதலில் குப்பைக்குச் செல்வதும் அதுவே.

வாசுதேவன் வரலாற்றில் மற்றொரு செய்தி உண்டு. இரசிகர்கள் பலர் அதனை அறிவர். இவ்விவாதத்தோடு பொருத்திப் பார்த்தோர் குறைவு. ‘16 வயதினிலே’ பாடல்கள் பதிவாகும் காலத்தில் பாலசுப்பிரமணியத்தின் தொண்டை நலம் குன்றியிருந்தது. அதனால் அவர் பாட இயலாதுபோக, மலேசியாவிலிருந்து வந்து வாய்ப்புக்காகக் காத்திருந்த ஒருவர் ஒலிவாங்கியின் முன் நிறுத்தப்பட்டார். புகழ்பெற்ற குரல் ஒன்று ஒரு நாள் கிடைக்காமற் போனதால், எவரும் எதிர்பாராத மற்றொரு குரல் தமிழுக்குக் கிடைத்தது. பாலசுப்பிரமணியத்தின் குரலைக் கணினியிலிருந்து வரவழைக்கும் வசதி 1977இல் இருந்திருக்குமாயின் என்ன நேர்ந்திருக்கும்? வாய்ப்பு வாயிலிற் காத்திருந்தவர் வாயிலிலேயே நின்றிருக்கக்கூடும். அவ்வாறு வந்த குரலைக் கொண்டே இன்று அந்த வாயிலை அடைப்பதுபோல் ஆகிறது. இன்றும் கிள்ளானிலும் செலாயாங்கிலும் கோயில் மேடைகளிலும் திருமண மண்டபங்களிலும் பாடிக்கொண்டிருக்கும் இளைஞர்கள், சென்னையில் யாரேனும் ஒருவருடைய தொண்டை ஒரு நாள் கட்டிக்கொள்ளாதா என்று இனிக் காத்திருப்பதிற் பொருளில்லை.

‘மனசிலாயோ’வை வெளியிட்டோர் செய்ததை மறைக்கவில்லை என்பதும் கூறப்படவேண்டும். செயற்கை நுண்ணறிவின் துணையால் உருவான குரல் என்பது தொடக்கத்திலேயே அறிவிக்கப்பட்டது. ஆயின் அறிவிப்பு செய்தித்தாளோடு போய்விடும். நிலைத்து நிற்பது பாடியோர் பெயர்ப்பட்டியல். இருபதாண்டு கழித்து அப்பாட்டைக் கேட்கும் மாணவன் வாசுதேவன் பெயரை மட்டும் காண்பான். 1985இன் பாட்டையும் 2024இன் பாட்டையும் ஒரே பாடகரின் முற்காலப் பிற்காலப் படைப்புகள் என வரிசைப்படுத்துவான். முதுமையில் அவர் நடை இவ்வாறு மாறிற்று என்று கட்டுரையும் எழுதக்கூடும். வெள்ளிப்பாடல் கம்பர் வாக்கோடு கலந்தது இவ்வாறே. பெயர்ப்பட்டியலில் ஒரு சொல், மிகைப்பாடல் என்பதற்கு ஈடான ஒரு குறி, போதுமானது. மூச்சையும் நடையையும் வழங்கிய உயிருள்ள பாடகரின் பெயரும் அதனருகே இடம்பெறுதல் முறை.

இலக்கிய வகுப்பிற் பாடபேதத்தை விளக்கும் ஆசிரியர் சுவடியின் நிழற்படத்தைக் காட்டுவதுண்டு. மாணவர்க்கு அது தொலைவிலுள்ள பொருளாகவே தோன்றும். ‘முதல் மரியாதை’ப் பாட்டையும் ‘மனசிலாயோ’வையும் அடுத்தடுத்து ஒலிக்கச்செய்து, மூச்சு எங்கே விடப்படுகிறது என்பதை மட்டும் தாளிற் குறித்து வரச் சொன்னால் ஒரு பாடவேளையிலேயே வேறுபாடு விளங்கும். முதற்பாட்டில் மாணவர் பலரும் ஏறத்தாழ ஒரே இடங்களைக் குறிப்பர். இரண்டாம் பாட்டில் மூச்சு யாருடையது என்று அவர்களே கேட்பர்.